ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆயிட்டீங்களா? முதல் வருஷம் எல்லாரும் கேக்குற கேள்விகள்

நான் கடலூர், வேலை புதுச்சேரி மேட்டுப்பாளையத்துல, பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன் மோல்டிங், அதாவது பிளாஸ்டிக்க உருக்கி மோல்டுல (அச்சுல) அடிச்சு பீஸ் எடுக்குற வேலை. ஆபரேட்டரா சேந்தேன், அப்புறம் மோல்டு மாத்தி மெஷின செட் பண்ற செட்டர், அப்புறம் ஒரு நாள் கூப்ட்டு நாளைலேர்ந்து பி ஷிஃப்ட்டுக்கு நீதான் இன்சார்ஜ்னு சொன்னாங்க, சாவி குடுத்தாங்க, ரிஜிஸ்டர் குடுத்தாங்க, 18 பேர் லிஸ்ட் குடுத்தாங்க, அவ்ளோதான், எப்படி நடத்தணும்னு ஒருத்தரும் சொல்லல. அது நடந்து ஏழு வருஷம் ஆச்சு. இப்ப சேதராப்பட்டு, திருபுவனை, கடலூர் சிப்காட்னு நம்ம பக்கம் புதுசா சூப்பர்வைசர், டீம் லீடர் ஆகுறவங்க என்கிட்ட கேக்குறது திரும்பத் திரும்ப இதே கேள்விங்கதான், அதான் மொத்தமா எழுதிட்டேன். ஃபேக்டரிய வச்சுதான் சொல்லிருக்கேன், ஆனா கடையோ ஆஸ்பத்திரியோ ஐடி ஆபீஸோ, முக்காவாசி பொருந்தும்.

ப்ரமோஷன் வந்துடுச்சு, ஆனா என் வேலை என்னன்னே புரியல. நாள் பூரா சும்மா சுத்துற மாதிரி இருக்கே?

முதல் ரெண்டு மூணு மாசம் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். மெஷின்ல நின்னப்ப ஷிஃப்ட் முடிஞ்சா கணக்கு கண்ணு முன்னாடி இருக்கும், இத்தன ஆயிரம் பீஸ் அடிச்சேன், இத்தன ரிஜெக்ட், போய் நிம்மதியா தூங்கலாம். இன்சார்ஜ் ஆனப்புறம் எட்டு மணி நேரம் ஓடி ஓடி கால் வலிக்கும், ஆனா நான் என்ன செஞ்சேன்னு கேட்டா பதில் இருக்காது.

எனக்கு இது புரியவே ஒரு வருஷம் ஆச்சு, உங்களுக்கு இப்பவே சொல்லிடறேன். உங்க கையில இப்ப இருக்கிறது மெஷின் கிடையாது, 18 பேரோட நேரம். யாரு எந்த ஷிஃப்ட், யாருக்கு எப்ப லீவு, யாரு கூடுதலா நாலு மணி நேரம் நிக்கணும், யாரு வீட்ல புள்ளைங்க அப்பாவோட உக்காந்து சாப்பிடும், யாரு வீட்ல சாப்பிடாது, இது அத்தனையும் நீங்க போடுற அந்த ஒரு பேப்பர்ல இருக்கு. டார்கெட்டும் குவாலிட்டியும் முக்கியம்தான், அதுக்குத்தான் சம்பளம், ஆனா அது ரெண்டும் வர்றது இந்த நேரத்த நீங்க எவ்ளோ ஒழுங்கா செலவு பண்றீங்கங்கிறதுலேர்ந்துதான். கீழ நான் சொல்றது எல்லாமே சுத்தி சுத்தி இங்கதான் வந்து நிக்கும்.

நேத்து வரைக்கும் ஒண்ணா டீ குடிச்ச பசங்க. இன்னைக்கு அவங்களுக்கு நான் எப்படி வேலை சொல்றது?

டீ குடிக்கிறத நிறுத்தாதீங்க. நிறுத்துனா பதவி வந்ததும் மாறிட்டான்னு பேசுவாங்க, அது பேச்சோட போகாது, மனசுல நின்னுடும். ஆனா டீக்கடைல ஒருத்தர பத்தி இன்னொருத்தர்கிட்ட பேசுறத அன்னைக்கே நிறுத்திடுங்க. முன்னாடி நீங்க சொன்னா அது அரட்டை, இப்ப நீங்க சொன்னா அது ரிப்போர்ட்டு. பத்து நிமிஷம் இருந்துட்டு நீங்க மொதல்ல கிளம்பிடுங்க, அவங்களுக்கும் உங்கள பத்தி பேச கொஞ்சம் நேரம் வேணும்ல.

என் நெருங்குன ஃப்ரெண்டு ஒருத்தன், நான் இன்சார்ஜ் ஆன ரெண்டாவது வாரம் மூணு நாள் தொடர்ந்து இருபது நிமிஷம் லேட். ரிஜிஸ்டர் என் கையில. அவன் ஒண்ணும் கேக்கல, என்னைப் பாத்து சிரிச்சுட்டு போனான். மத்த 17 பேரும் ரிஜிஸ்டரத்தான் பாத்துட்டு இருந்தாங்க. மூணாவது நாள் லேட்னு போட்டேன், போடுறதுக்கு முன்னாடி அவன தனியா கூப்ட்டு போடப் போறேன்னு சொல்லிட்டுத்தான் போட்டேன். ஒரு மாசம் பேசல. அந்த ஒரு மாசம் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, மறைக்க ஒண்ணும் இல்ல. அப்புறம் அவனே வந்தான். முதல் நாளே சொல்லிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்னு இப்ப நினைக்கிறேன், அதனால நீங்க முதல் நாளே சொல்லிடுங்க, "டேய் ரிஜிஸ்டர்ல மட்டும் என்கிட்ட எதிர்பாக்காத, மத்தபடி நான் அதே ஆளுதான்", அவ்ளோ போதும்.

என்னை விட வயசுல பெரியவங்க, எனக்கு வேலை கத்துக் குடுத்தவரே இப்ப எனக்குக் கீழ. என்ன பண்ண?

அண்ணேன்னு கூப்ட்டா அண்ணேன்னே கூப்டுங்க. அதுல உங்க அதிகாரம் ஒண்ணும் குறையாது. எனக்கு மோல்டு மாத்த கத்துக் குடுத்த அண்ணன் ஒருத்தர் இருக்காரு, நான் இன்சார்ஜ் ஆனதுமே அவர் என்கிட்ட பேசுறதே குறைஞ்சு போச்சு. பொறாமைன்னு நான் தப்பா நினைச்சேன். கடைசில பாத்தா விஷயம் ரொம்ப சின்னது, மோல்டு சேஞ்ச் இருக்குன்னு நான் ஒரு சீட்டுல எழுதி ஹெல்ப்பர் கையில குடுத்து அனுப்பிட்டு இருந்தேன், அத அவர் அவமானமா எடுத்துக்கிட்டாரு. மறுநாள்லேர்ந்து ஷிஃப்ட் ஆரம்பிச்சதும் நேரா அவர்கிட்ட போய், அண்ணே இன்னைக்கு நாலாவது மெஷின்ல மோல்டு மாத்தணும், எத்தன மணிக்கு வச்சுக்கலாம்னு கேட்டேன். அவர் சொன்ன நேரம் என் பிளான விட நல்லாவே இருந்துச்சு, ஏன்னா கிரேன் எப்ப ஃப்ரீயா இருக்கும்னு அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

ஆனா ஒண்ணு, யோசனை கேளுங்க, முடிவு நீங்க எடுங்க, அத நீங்களே வாயத் தொறந்து சொல்லுங்க. பெரியவங்க பேச்ச தட்ட முடியாம தப்பான முடிவுக்கு தலையாட்டினா நாளைக்கு மேல பதில் சொல்லப் போறது நீங்கதான்.

நானே செஞ்சா பத்து நிமிஷத்துல முடியுது, அவங்களுக்கு சொல்லிக் குடுத்தா ஒரு மணி நேரம் ஆகுது. நானே செஞ்சுட்டா என்ன தப்பு?

செட்டரா இருந்து மேல வந்த எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு, எனக்கு ரொம்ப முத்திப் போயிருந்துச்சு. ஒரு நைட்டு நடந்தத சொல்றேன்.

நைலான் ஜாப் ஓடிட்டு இருந்துச்சு. ராத்திரி ஒரு மணி வாக்குல பீஸ் மேல எல்லாம் வெள்ளி வெள்ளியா கோடு வர ஆரம்பிச்சுது. ஆபரேட்டர் கூப்ட்டான். நான் போனேன், அவன நகரச் சொல்லிட்டு நானே பேனல்ல கைய வச்சேன். பிரஷர குறைச்சு பாத்தேன், ஸ்பீட குறைச்சேன், பேரல் டெம்பரேச்சர அஞ்சு அஞ்சு டிகிரியா இறக்கி பாத்தேன், போகல. ஒன்றரை மணி நேரம் போச்சு, ஒரு டிரம் நிறைய ரிஜெக்ட். ஆபரேட்டர் கை கட்டிட்டு நிக்கிறான். ஹாப்பர்ல மெட்டீரியல் போடுற ஹெல்ப்பர் பையன், வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, அவனும் நிக்கிறான். கடைசில டயர்டாகி ஸ்டூல்ல உக்காந்தப்பதான் அந்தப் பையன் மெதுவா சொன்னான், "அண்ணா, ட்ரையர் ஓடுற சத்தம் வருது, ஆனா ஹாப்பர தொட்டா சூடே இல்லண்ணா". போய் பாத்தா ஹீட்டர் டிரிப் ஆகி, பிளோவர் மட்டும் ஓடிட்டு இருக்கு. நைலான் ஈரத்த இழுக்குற மெட்டீரியல், 80 டிகிரில நாலு மணி நேரமாவது காய வச்சாத்தான் அடிக்க முடியும், காயாத மெட்டீரியல்ல வெள்ளிக் கோடு வராம வேற என்ன வரும். ஏண்டா மொதல்லயே சொல்லலன்னு கேட்டேன். "நீங்க கேக்கலையேண்ணா, நீங்க பாட்டுக்கு பாத்துட்டு இருந்தீங்க".

அவன் சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. நான் போய் நின்ன அந்த நிமிஷமே மத்தவங்க ரெண்டு பேரோட கண்ணும் காதும் வேலை செய்யுறது நின்னு போச்சு, ஏன்னா இன்சார்ஜ் வந்துட்டாரு. அன்னைலேர்ந்து நான் ஒரு பழக்கம் வச்சிருக்கேன், மெஷின் கிட்ட கூப்ட்டா கைய பின்னாடி கட்டிக்குவேன், மொதல்ல கேக்குறது "கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு, அதுக்கப்புறம் என்ன மாறுச்சு". ஆபரேட்டர், ஹெல்ப்பர் ரெண்டு பேரையும் கேப்பேன். அவங்க பண்ணட்டும், நான் பக்கத்துல நிப்பேன். ஒரு மணி நேரம் ஆனா ஆகட்டும், அடுத்த தடவ நாப்பது நிமிஷம் ஆகும், அதுக்கடுத்து என்னைக் கூப்டவே மாட்டாங்க.

விதிவிலக்கு இருக்கு. கை போற மாதிரி ஆபத்து, தீ, கேஸ் வாசனைன்னா அங்க பாடம் நடத்தக் கூடாது, எமர்ஜென்சி பட்டன அமுக்கிட்டு ஆள வெளிய அனுப்பிட்டு அப்புறம் பேசுங்க.

லீவு கேட்டா எப்படி முடிவு பண்றது? எல்லாருக்கும் குடுத்தா லைன் நிக்குது, குடுக்கலன்னா கெட்ட பேரு.

இத கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா இதுலதான் நான் பெரிய தப்பு பண்ணிருக்கேன்.

ஒரு ஆபரேட்டர், ரொம்ப அமைதியான ஆளு, பாகூர் பக்கம். வியாழக்கிழமை ஒரு நாள் லீவு வேணும் சார்னு கேட்டாரு. அந்த வாரம் ரெண்டு பேர் ஏற்கனவே இல்ல, டிஸ்பாட்ச் (சரக்கு அனுப்புறது) வேற. "பாத்துக்கலாம்"னு சொன்னேன். புதன்கிழமை சாயங்காலம் திரும்ப வந்து நின்னாரு, ஆள் இல்லப்பா, அடுத்த வாரம் எடுத்துக்கயேன்னு சொன்னேன், சரி சார்னு போயிட்டாரு. வியாழக்கிழமை வந்து வேலையும் பாத்தாரு. பத்து நாள் கழிச்சு வேற ஒருத்தர் சொல்லித்தான் தெரியுது, அன்னைக்கு அவங்க அப்பாவுக்கு ஜிப்மர் ஆஸ்பத்திரில தேதி குடுத்திருந்தாங்க. வீட்டம்மா மட்டும் கைக்குழந்தையோட அந்தப் பெரியவர கூட்டிட்டு வந்து வரிசைல நின்னிருக்காங்க. ஜிப்மர் இருக்கிறது கோரிமேட்டுல, எங்க கம்பெனிலேர்ந்து பைக்ல போனா பத்து நிமிஷம். அப்பா அங்க நிக்கிறாரு, புள்ள இங்க மெஷின்ல நிக்கிறாரு, நடுவுல நான் "பாத்துக்கலாம்"னு சொல்லிட்டு நிக்கிறேன். அரை நாள் விட்டிருக்கலாம், ரெண்டு மணி நேரம் நானே மெஷின்ல நின்னிருக்கலாம். எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும்.

அவர்கிட்ட போய் மன்னிப்பு கேட்டேன். பரவால்ல சார்னாரு. அந்த பரவால்ல இன்னும் என் காதுல இருக்கு.

அதுக்கப்புறம் நான் மாத்திக்கிட்டது என்னன்னா, "பாத்துக்கலாம்"ங்கிற வார்த்தையே லீவு விஷயத்துல வாயில வரக்கூடாது. உண்டு, இல்ல, இல்லன்னா நாளைக்கு ரெண்டு மணிக்குள்ள சொல்றேன், இந்த மூணுல ஒண்ணுதான். இல்லன்னு சொல்றதுக்கு முன்னாடி எதுக்குன்னு கேப்பேன், சொல்லணும்னு கட்டாயம் இல்ல, ஆனா கேப்பேன், நம்ம ஆளுங்க கேக்காம சொல்ல மாட்டாங்க. தள்ளிப் போட முடியுற வேலையா, தேதி குறிச்ச வேலையாங்கிறது ஒண்ணு தெரிஞ்சாலே முக்காவாசி முடிவு வந்துடும்.

இன்னொண்ணு, லைன் நிக்குதுன்னா அது லீவு கேட்டவங்க தப்பு கிடையாது, ஒரு மெஷினுக்கு ஒரே ஒரு ஆள பழக்கி வச்சிருக்கோமே, நம்ம தப்பு. ஒரு சார்ட் பேப்பர் எடுத்து கட்டம் போடுங்க, இந்தப் பக்கம் பேரு, மேல மெஷின் நம்பர், தெரிஞ்ச இடத்துல டிக். டிக் ஒண்ணே ஒண்ணு இருக்கிற மெஷின் எல்லாம் உங்க தலைவலி. ஆர்டர் கம்மியா இருக்கிற நாள்ல இன்னொருத்தர அங்க நிக்க வையுங்க, ஆறு மாசத்துல எல்லா மெஷினுக்கும் ரெண்டு டிக் வந்துடும். எனக்கு எட்டு மாசம் ஆச்சு.

அப்புறம் நம்ம ஊர் காலண்டர முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க. மாசி மகத்தன்னைக்கு வைத்திக்குப்பத்துக்கும் கடலூர்ல தேவனாம்பட்டினத்துக்கும் சாமி வரும்போது பாதி ஷிஃப்ட் லீவு கேக்கும். ஆடில வீராம்பட்டினம் தேர். நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள், 1954ல பிரெஞ்சுக்காரங்க நிர்வாகத்த ஒப்படைச்ச நாள், அன்னைக்கும் ஆகஸ்ட் 16க்கும் புதுச்சேரில ஸ்கூல் லீவு, கடலூர்ல கிடையாது. அதனால புதுச்சேரி பக்கம் இருக்கிற அம்மாக்கள் அன்னைக்கு லீவு கேப்பாங்க, கடலூர்லேர்ந்து வர்றவங்க நிக்க முடியும். இத ஒரு மாசம் முன்னாடியே பேசி மாத்தி வச்சா எந்த சண்டையும் வராது, முந்தின நாள் பேசினா வரும்.

ஷிஃப்ட் போடுறதுல சண்டையே ஓயல. எப்படி போடுறது?

சுழற்சில போடுங்க, எழுதி செவுத்துல ஒட்டுங்க, குறைஞ்சது ரெண்டு வாரம் முன்னாடி. மாத்தணும்னா அவங்களுக்குள்ளயே பேசி ரெண்டு பேரும் வந்து கையெழுத்து போடட்டும். ஒரு ஷிஃப்ட் முடிஞ்சு போனவர எட்டு மணி நேரத்துல திரும்ப கூப்டாதீங்க, வீட்டுக்குப் போய் குளிச்சு சாப்ட்டு தூங்கவே பத்தாது, பஸ்சுல வர்றவருக்கு சுத்தமா பத்தாது. கடலூர்லேர்ந்து புதுச்சேரி இருபத்தஞ்சு கிலோமீட்டர் கூட இல்லதான், ஆனா பஸ்ஸ்டாண்டுல இறங்கி, மேட்டுப்பாளையத்துக்கு இன்னொரு பஸ் மாறி, கேட்டுக்கு வர்றதுக்குள்ள ஒன்றரை மணி நேரம் ஆயிடும். யாரு எங்கேர்ந்து எப்படி வர்றாங்கன்னு உங்க நோட்டுல இருக்கணும். பொண்ணுங்கள நைட்டுக்கு போடணும்னா அவங்க சம்மதம் இல்லாம போடக் கூடாது, அது சட்டத்துலயே இருக்கு, வண்டி வீட்டு வாசல் வரைக்கும் போகுதான்னும் நீங்க பாக்கணும்.

ஒருத்தர் தப்பு பண்ணா எப்படி கேக்குறது? திட்டினா மூஞ்ச தூக்குறாங்க, விட்டா எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க.

அன்னைக்கே கேளுங்க, தனியா கேளுங்க, கண்ணால பாத்தத மட்டும் கேளுங்க. "நீ எப்பவுமே இப்படித்தான்"னு ஆரம்பிச்சா அவரு பதில் சொல்ல மாட்டாரு, சண்டைக்குத்தான் வருவாரு. "பத்து மணி ரீடிங் ஷீட்ல இல்லையே, என்னாச்சு"ன்னு கேட்டா பதில் வரும்.

மணிக்கு ஒரு தடவ பீஸ் எடை போட்டு எழுதணும் எங்க கிட்ட. ஒரு நாள் ஷீட்ட பாத்தா எட்டு மணி நேரத்துக்கும் ஒரே பேனா, ஒரே அழுத்தம், எல்லா கட்டத்துலயும் கிட்டத்தட்ட அதே நம்பர். கடைசில உக்காந்து மொத்தமா எழுதிருக்காங்கன்னு பாத்ததும் தெரியுது. மெமோ குடுத்துடலாம்னுதான் போனேன். கேட்டப்ப அந்தப் பொண்ணு சொன்னுச்சு, "சார், தராசு அந்தக் கடைசில இருக்கு, போயிட்டு வர்றதுக்குள்ள கன்வேயர்ல பீஸ் குவிஞ்சு கீழ விழுது, விழுந்தா அதுக்கும் நீங்கதானே கேப்பீங்க". போய் நடந்து பாத்தேன், உண்மை. தராச ரெண்டு மெஷினுக்கு நடுவுல தூக்கி வச்சோம், ஒரு டேபிள் போட்டோம். அப்புறம் ஷீட் தானா நிரம்புச்சு. பொய் எழுதுனது தப்புதான், அதையும் சொன்னேன், இனிமே முடியலன்னா கட்டத்த காலியா விடு, பொய் மட்டும் எழுதாதன்னு. ஆனா மெமோவோட போயிருந்தா தராசு இன்னும் அந்த மூலைலயேதான் இருந்திருக்கும்.

நல்லா பண்ணா அதையும் அதே மாதிரி, என்ன பண்ணாங்கன்னு சேத்து சொல்லுங்க. சூப்பர்னு பொதுவா சொன்னா யாருக்கும் ஏறாது.

மேல மேனேஜர் முடியாத டார்கெட்ட குடுக்குறாரு. முடியாதுன்னு எப்படி சொல்றது?

வாயால சொல்லாதீங்க, கணக்க போட்டு காட்டுங்க. நாலு கேவிட்டி மோல்டு (ஒரு தடவ அடிச்சா நாலு பீஸ்), சைக்கிள் (ஒரு தடவ அடிக்கிற நேரம்) 30 செகண்டு, அப்ப மணிக்கு 120 ஷாட், 480 பீஸ். எட்டு மணி நேரத்துக்கு 3,840. மோல்டு சேஞ்சுக்கும் சாப்பாட்டுக்கும் சேத்து ஒரு மணி நேரம் போனா 3,360. அவர் 4,000 கேக்குறாருன்னா, மெஷின் ஒரு நிமிஷம் நிக்காம, ஒரு ரிஜெக்ட் வராம ஓடினாலும் வராது. இத ஒரு துண்டு பேப்பர்ல எழுதி, 4,000 வேணும்னா அடுத்த ஷிஃப்ட்ல ஒன்றரை மணி நேரம் சேத்து குடுங்க, இல்ல டார்கெட்ட 3,360க்கு குறைங்க, எது வேணும் சார்னு கேளுங்க. முக்காவாசி மேனேஜருங்க கணக்க பாத்தா ஒத்துக்குவாங்க.

பயந்துட்டு ஓகே சார்னு வந்துட்டா, அந்த ஓகேவ நிறைவேத்தப் போறது நீங்க கிடையாது. மத்தவங்க சாப்பாட்டு நேரமும் தூக்கமும்தான் அதுக்குப் போகும்.

டார்கெட்டுக்கு மட்டும் இல்ல, மேல எது கேக்கப் போனாலும் எழுதி எடுத்துட்டு போங்க. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை ஏறுச்சே, ஒரே நாள்ல 48 சென்டிமீட்டருக்கு மேல மழ, அதுக்கப்புறம் சாத்தனூர் அணை தண்ணி தென்பெண்ணைல வந்து கடலூர், பாகூர் பக்கமெல்லாம் முழுகிப் போச்சு. என் ஷிஃப்ட்ல ஆறு பேர் வீட்டுக்குள்ள தண்ணி. ஒவ்வொருத்தருக்கா ஃபோன் பண்ணேன், வேலைக்கு வரச் சொல்லி இல்ல, எங்க இருக்கீங்கன்னு கேட்டு. அந்த நாளெல்லாம் சம்பளம் புடிக்கிறதா பேச்சு வந்தப்ப பேரு, ஊரு, என்னைலேர்ந்து என்னைக்கு வரைக்கும் வர முடியல, எல்லாத்தையும் எழுதி எடுத்துட்டு போய் உக்காந்தேன். எல்லாம் கிடைக்கல, பாதி நாள் சம்பளத்தோட குடுத்தாங்க, மீதிய அவங்க லீவுல கழிச்சாங்க. போராடினா முழுசா கிடைக்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா எழுதி எடுத்துட்டு போகலன்னா அதுவும் கிடைச்சிருக்காது.

ப்ரமோஷனுக்கு அப்புறம் கையில வர்ற காசு குறைஞ்ச மாதிரி இருக்கே?

குறைஞ்சிருக்கலாம், மாதிரி எல்லாம் இல்ல. ஆபரேட்டருக்கு ஓடி (OT, ஓவர்டைம்)ன்னா சட்டப்படி ரெண்டு மடங்கு சம்பளம், சூப்பர்வைசர் ஆனதும் நிறைய கம்பெனில ஓடி கிடையாது. பேசிக் ஏறினது, ஓடி போனது ரெண்டையும் கழிச்சு பாத்துட்டு கையெழுத்து போடுங்க, கேக்குறதுல வெக்கம் ஒண்ணும் இல்ல.

அத விட முக்கியம் இஎஸ்ஐ, தொழிலாளருக்கான அரசு மருத்துவக் காப்பீடு. மாச சம்பளம் 21,000 ரூபா தாண்டினா இஎஸ்ஐ வரம்புலேர்ந்து வெளிய போயிடுவோம், இந்த 21,000ல ஓடி காசு சேராது. ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர், அக்டோபர்லேர்ந்து மார்ச்னு ரெண்டு காலம் இருக்கு, நடுவுல சம்பளம் ஏறினா அந்த காலம் முடியுற வரைக்கும் புடிப்பாங்க, அப்புறம் நின்னுடும். 20,000 சம்பளத்துல நம்ம பங்கு 0.75 சதவீதம், 150 ரூபா, அந்த 150 ரூபாய்க்கு குடும்பத்துக்கே வைத்தியம் இருந்துச்சு. அது போகப் போகுதுன்னு ஹெச்ஆர் தேடி வந்து சொல்ல மாட்டாங்க. கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கா, அப்பா அம்மா அதுல வருவாங்களான்னு ப்ரமோஷன் லெட்டர் வாங்கும்போதே கேட்டுடுங்க, இல்லன்னா சொந்தமா ஒண்ணு எடுத்துடுங்க, நடுவுல ஒரு மாசம் கூட விடாம.

ஊர்க்காரங்க, சொந்தக்காரங்க ஷிஃப்ட்ல இருக்காங்க. தனியா பாக்கணும்னு எதிர்பாக்குறாங்க.

ஒரே ஊரு, ஒரே சாதி, ஒரே கட்சி, எதுவா இருந்தாலும் எதிர்பாக்கத்தான் செய்வாங்க. நல்ல மெஷின் யாருக்கு, ஞாயித்துக்கிழமை ஓடி யாருக்கு, இந்த ரெண்டையும்தான் எல்லாரும் கவனிப்பாங்க. ஓடிக்கு ஒரு நோட்டு போட்டு, யாருக்கு எத்தன நாள் போச்சுன்னு எல்லாரும் பாக்குற இடத்துல தொங்க விட்டேன். அதுக்கப்புறம் மாமா பையன் வந்து கேட்டாலும் நோட்ட காட்டினா போதும். இதுல விட்டுக் குடுக்காதீங்க, ஒரு தடவ போன நம்பிக்கை உங்க சர்வீஸ் முழுக்க திரும்ப வராது.

ஒரு பொண்ணு வந்து, கூட வேலை பாக்குறவரு தப்பா பேசுறாருன்னு சொல்லுது. நான் பேசி தீத்து வைக்கட்டுமா?

வேணாம். உக்கார வச்சு முழுசா கேளுங்க, நம்பாத மாதிரி ஒரு கேள்வியும் கேக்காதீங்க, ரெண்டு பேரையும் கூப்ட்டு சமாதானம் பண்ணவே பண்ணாதீங்க. வேலை இடத்துல பெண்களுக்கு நடக்குற பாலியல் தொல்லைய தடுக்குற 2013 சட்டப்படி பத்து பேர் அல்லது அதுக்கு மேல இருக்கிற இடத்துல உள் புகார் குழு இருக்கணும், விசாரிக்கிறது அவங்க வேலை. சம்பவம் நடந்த மூணு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும்னு அந்தப் பொண்ணுக்கு சொல்லுங்க, எழுத முடியலன்னா அதுக்கு உதவி பண்ற பொறுப்பு குழுவுக்கு இருக்கு. நடுவுல ஷிஃப்ட் மாத்தணும்னா பொண்ண கேக்காம பொண்ண மாத்தாதீங்க. வெளிய ஒரு வார்த்தை போகக் கூடாது.

வாட்ஸப் குரூப் வேணுமா?

வேணும், அறிவிப்புக்கு மட்டும். யாரையும் அதுல திட்டாதீங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சு தூங்குறவருக்கு காலைல பதினொரு மணிக்கு "யாரு இந்த ஷீட்ட எழுதுனது"ன்னு மெசேஜ் போனா எழுந்து உக்காந்துடுவாரு.

ஒடிசா, பீகார் பசங்களும் இருக்காங்க, எனக்கு இந்தி வராது.

பேர சரியா கூப்ட கத்துக்கோங்க, ஆபத்துக்கு நாலு வார்த்தை இந்தில கத்துக்கோங்க. நல்ல பீஸ் ஒண்ணு, கெட்ட பீஸ் ஒண்ணு, கெட்டதுல குறை இருக்கிற இடத்துல சிவப்பு மார்க்கர்ல வட்டம் போட்டு மெஷின்லயே கட்டி விடுங்க. எங்க தமிழ் பசங்களுக்கும் அதுக்கப்புறம்தான் சந்தேகம் தீந்துச்சு.

வீட்டுக்குப் போனாலும் மண்டைல கம்பெனிதான் ஓடுது. தூக்கம் வரல.

பாதி காரணம், ஹேண்ட்ஓவர் சரியா குடுக்காம வர்றது. ஓடுற மெஷின், நிக்கிற மெஷின், பாதில இருக்கிற வேலை, அடுத்த இன்சார்ஜ் முதல் அரை மணி நேரத்துல பாக்க வேண்டியது, இத எழுதி, அவரோட ஒரு ரவுண்டு நடந்து காட்டிட்டு வாங்க. பத்து நிமிஷம் ஆகும், ராத்திரி பன்னெண்டு மணிக்கு வர்ற ஃபோன் நின்னுடும். எனக்கு இன்னொரு பழக்கமும் இருக்கு, பஸ் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில்னு வர்ற வரைக்கும் என்ன வேணா யோசிப்பேன், நோட்டுல எழுதுவேன், எல்லைல இருக்கிற முள்ளோடை தாண்டினா நோட்ட பைக்குள்ள வச்சுடுவேன். முதல்ல கஷ்டமா இருந்துச்சு, இப்ப முள்ளோடை வந்தா கை தானா ஜிப்ப தேடுது.

எனக்கு இது ஒத்தே வரல. திரும்ப பழைய வேலைக்கே போயிடலாமா?

போகலாம். தோத்துட்டோம்னு நினைக்காதீங்க. ஆனா மூணு மாசத்துல முடிவு பண்ணாதீங்க, ஒரு வருஷம் குடுங்க, ஒரு தீபாவளி போனஸ் சீசன், ஒரு மழைக்காலம், ஒரு வருஷக் கடைசி டிஸ்பாட்ச், இது மூணையும் பாத்துட்டு சொல்லுங்க. அப்பவும் ஆளுங்கள சமாளிக்கிற நேரத்தவிட மெஷினோட இருக்கிற நேரம்தான் நிறைவா இருக்குன்னா, டூல் ரூம், பிராசஸ், குவாலிட்டி லேப்னு ஆள் நடத்தாம மேல போற வழி இருக்கு. எங்க கிட்ட ஒரு அக்கா ஒன்றரை வருஷம் இன்சார்ஜா இருந்துட்டு தானா கேட்டு குவாலிட்டிக்கு போனாங்க, இப்ப கஸ்டமர் ஆடிட் வந்தா முழுக்க அவங்கதான் பாக்குறாங்க.

கேக்குறதா இருந்தா அப்ரைசலுக்கு ரெண்டு மாசம் முன்னாடி கேளுங்க, எந்த வேலைக்குப் போகணும்னு பேரோட கேளுங்க, சம்பளம் இறங்குமான்னு எழுத்துல வாங்குங்க, உங்க இடத்துக்கு யாரு வரலாம்னு ஒரு பேரையும் கையில வச்சுக்கோங்க. அந்த 18 பேருக்கும் வெளில இருந்து தெரியுறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க, ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது, எல்லாரும் இருக்கிறப்ப.